கொட்டான் உள்ளே, கொழுக்கட்டை வெளியே

1

2012ஆம் ஆண்டு கார்த்திகை. நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் கார்த்திகை என்றால் ஓலைக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். பிசைந்த மாவைப் பனங்குருத்தோலைக்குள் வைத்து, மேலே இன்னொரு ஓலையை மூடி, ஓலைக் கிழிசலாலேயே கட்டி அவிக்க வேண்டும். வெந்து இறக்கினால் ஓலையின் வாசம் மாவுக்குள் இறங்கியிருக்கும்.

அந்த வருசம் "கொஞ்சம் கூடுதலா அவிம்மா" என்றேன். யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து புதுசாக ஒரு கொட்டான் முடைந்தாள். மூடி போட்ட கொட்டான். சிவப்பும் பச்சையும் சாயம் தோய்த்த ஓலை. ஈர்க்கை உரித்து, ஓலையை ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, தண்ணி தெளித்துப் பதமாக்கி, கண்ணுக்கு இடைவெளி தெரியாத அளவுக்கு நெருக்கமாக முடைவாள். வகிரும்போது விரலில் கோடு கோடாக வெட்டு விழும். அந்த விரலோடுதான் மறுநாள் மாவும் பிசைந்தாள். ஒரே பனை, ஒரே ஓலை, ஒரே கை. பொருள் மட்டும் இரண்டு.

என்னோடு படித்த ஒருவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் ஊர்க்காரன், நான் சேரிக்காரி. இதற்கு மேல் சாதிப் பேரைச் சொல்லத் தேவையில்லை. நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கொழுக்கட்டை தின்றான். ஓலையில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. மீதியைக் கொட்டானோடு வீட்டுக்குக் கொண்டுபோனான்.

ஒரு வாரம் கழித்து நானே கேட்டேன்.

"கொட்டான எங்கம்மா எடுத்து வச்சிக்கிட்டாங்க. நூல்கண்டு, ஊசியெல்லாம் போட்டு வச்சிருக்காங்க. எவ்வளவு நெருக்கமா மொடஞ்சிருக்குன்னு சொன்னாங்க. பக்கத்து வீட்ல கேட்டதுக்குக் கடையில வாங்கினதுன்னு சொல்லிட்டாங்க."

"கொழுக்கட்டை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "எந்த ஊரு, எந்தத் தெருப் பிள்ளைன்னு கேட்டாங்க. சொன்னேன். மாட்டுத் தொட்டியில போட்டுட்டாங்க."

அவன் மறைக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவனை மதிக்கிறேன். ஆனால் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். அது ஒரு செய்தியாக இருந்தது அவனுக்கு. எனக்கு இன்றுவரை அது ஒரு கேள்வியாகவே இருக்கிறது. கொட்டானை முடைந்த கையும் கொழுக்கட்டை பிடித்த கையும் ஒன்றுதான். ஒன்றை வீட்டுக்குள் வைத்து, மற்றதை மாட்டுக்குப் போட்டவர் எதை ஏற்றுக்கொண்டார்? எதை மறுத்தார்? ஒரு அன்பளிப்பை 'வாங்கிக்கொள்வது' என்று எதைச் சொல்கிறோம்?

2

இன்றைக்குக் 'கையால் செய்தது' என்கிற சொல்லுக்கு நல்ல விலை இருக்கிறது. மணப்பாட்டு ஓலைப் பெட்டிகளும் செட்டிநாட்டுக் கொட்டான்களும் நகரத்துக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன. கல்யாண வீடுகளில் தாம்பூலப் பை போய் ஓலைக் கொட்டான் வந்திருக்கிறது. பிப்ரவரி 14 வந்தால் கையால் ஒட்டிய வாழ்த்து அட்டை, கையால் பின்னிய கயிறு, வீட்டில் செய்த கேக், வீட்டில் செய்த சாக்லேட். கடையில் வாங்குவதைவிட நீயே செய்து கொடுப்பதுதான் உண்மையான அன்பு என்று பத்திரிகைகள் எழுதுகின்றன.

அந்தக் கருத்து தவறு என்று நான் சொல்லவில்லை. செய்து கொடுப்பதில் நேரம் இருக்கிறது. நேரம் என்பது ஆயுள். அம்மா இரண்டு ராத்திரித் தூக்கத்தை அந்தக் கொட்டானுக்குள் வைத்து முடைந்தாள். மார்செல் மோஸ் என்கிற பிரெஞ்சு அறிஞர் 1925இல் அன்பளிப்பைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இதைத்தான் விவாதிக்கிறார். கொடுக்கப்படுகிற பொருள் வெறும் பொருள் அல்ல, கொடுத்தவரின் ஒரு பகுதி அதனோடு போகிறது. அதனால்தான் கொடுப்பதும் கடமை, வாங்குவதும் கடமை, திருப்பிக் கொடுப்பதும் கடமை. எங்கம்மாவுக்கு மோசைத் தெரியாது. ஆனால் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு கை அரிசியாவது போட்டுக் கொடுக்கணும் என்பது அவளுக்குத் தெரியும்.

பிரச்சினை எங்கே என்றால், 'கையால் செய்தது' என்று கொண்டாடுகிறவர்கள் எந்தக் கை என்று கேட்பதில்லை. கேட்டால் கொண்டாட்டம் நின்றுபோகிற கைகள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

3

வகுப்பில் எங்களுக்குச் சங்க இலக்கியம் நடத்தினார்கள். பழந்தமிழர் காதலில் சாதி இல்லை என்று சொல்லிச் சொல்லி நடத்தினார்கள். நான் இப்போது அந்தப் பாட்டுகளைத் திரும்ப வாசிக்கிறேன். கையையும் கைப்பொருளையும் மட்டும் பார்த்து வாசிக்கிறேன்.

தலைவன் தலைவிக்குக் கொண்டுவருகிற பரிசுக்குக் கையுறை என்று பேர். பெரும்பாலும் பூ, அல்லது தழை. தழை என்பது இலையும் பூவும் சேர்த்துத் தொடுத்து இடுப்பில் உடுத்துகிற ஆடை. குறுந்தொகையின் முதல் பாட்டே தோழி கையுறையை மறுக்கிற பாட்டுதான். நற்றிணை 359இல் கபிலர் ஒரு சங்கடத்தை வைக்கிறார். அவன் தந்த தழையை உடுத்தினால் தாய்க்குத் தெரிந்துவிடும் என்று பயம். திருப்பிக் கொடுத்தால் அவன் மனம் வாடுமே என்று பயம். தழை கையிலேயே இருக்கிறது. ஒரு பரிசைக் கையில் வாங்குவதும் அதை வீட்டுக்குள் உடுத்திப் போவதும் வேறு வேறு என்பது கபிலருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு பாட்டு குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. புதுசாகக் குடித்தனம் போட்டவள், கட்டித் தயிரை விரலால் பிசைந்து, அந்த விரலைச் சேலையிலேயே துடைத்து, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். அவன் இனிது என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. இதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் பெற்ற தாயிடம் சொல்வதாகப் பாட்டு. (அவள் சாப்பிட்டாளா என்று செவிலி சொல்லவில்லை. அதை நாம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.)

தழை களவுக்கு உரியது. சமையல் கற்புக்கு உரியது. ஒளிந்து காதலிக்கும்போது கையால் தொடுத்த பொருள் போதும். ஊர் அறிய ஒன்றாக வாழ்வதற்கு அடையாளம், ஒருத்தி கையால் பிசைந்ததை ஒருவன் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது. ஆக, நூலகப் படிக்கட்டில் அவன் தின்றது களவு. அவன் வீட்டு மாட்டுத் தொட்டியில் விழுந்தது கற்பு.

மூன்றாவதாக ஒரு பாட்டு. வகுப்பில் இதைப் போர்ச் சிறப்புக்கு உவமை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். புறநானூறு 82, சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் ஒருவன் உட்கார்ந்து கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கை ஊசி எவ்வளவு வேகமாக ஓடுமோ அவ்வளவு வேகமாகச் சோழன் போர் செய்தான் என்கிறார் புலவர். கட்டில் பின்னுகிறவனுக்குப் பாட்டு கொடுக்கிற பேர் இழிசினன்.

அவனும் ஒருத்தியின் புருசன்தான். அவனுக்கும் போக ஒரு வீடு இருக்கிறது. அவன் பின்னுகிற கட்டிலில் யாரோ படுப்பார்கள். கட்டில் உள்ளே போகும். இழிசினன் வெளியே நிற்பான். அவன் கைவேகம் மட்டும் ராசாவுக்கு உவமையாகப் போகும். பழந்தமிழர் காதலில் சாதி இல்லை என்று சொன்ன ஆசிரியர்கள் இந்த ஊசியை மட்டும் பார்த்தார்கள், ஊசி பிடித்த கைக்கு வைத்த பேரைப் பார்க்கவில்லை.

4

தமிழ்ப் பாட்டில் குறிப்பாக இருந்தது மனுவில் சட்டமாக இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயம் 129ஆம் சுலோகம், கைத்தொழில் செய்கிறவனின் கை எப்போதும் சுத்தமானது என்கிறது. விற்பனைக்குப் பரப்பி வைத்த பொருளும் சுத்தமானதாம். அட, பரவாயில்லையே என்று தோன்றும். அதே நூலின் நான்காம் அத்தியாயத்துக்குப் போனால் 219ஆம் சுலோகம், அதே கைத்தொழிலாளியின் சோற்றைத் தின்றால் வம்சம் அழியும் என்கிறது. அதற்கு முந்தைய சுலோகத்தில் தோல் வேலை செய்கிறவரின் சோறும் விலக்கு.

கை சுத்தம். கை போட்ட சோறு விசம். இதில் முரண்பாடு இருக்கிறதா? இல்லை. மிகத் தெளிவான கணக்கு இருக்கிறது. எங்களுக்கு உன் உழைப்பு வேண்டும், ஆகவே உன் கை தயாரித்த பொருள் சுத்தம். உன் உறவு வேண்டாம், ஆகவே உன் கை சமைத்த சோறு தீட்டு. செருப்புப் போடலாம், கட்டிலில் படுக்கலாம், முறத்தில் புடைக்கலாம், கொட்டானில் நூல்கண்டு வைக்கலாம். கொழுக்கட்டை மட்டும் தின்னக் கூடாது. என் காதலனின் அம்மா மனுதர்மத்தைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். 1927 டிசம்பர் 25இல் அம்பேத்கர் மகாத்தில் அந்த நூலைக் கொளுத்தினார். 85 வருசம் கழித்து ஒரு கார்த்திகை மாதத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கையில் அது சுலோக எண் பிசகாமல் வேலை செய்தது.

ஒருவர் சொல்லலாம்: "சாப்பாடு அவரவர் பழக்கம், சுத்தம் பார்க்கிறார்கள், அதைப் போய்ச் சாதி என்று சொல்லலாமா?" சரி, பார்ப்போம். அந்த வீட்டில் புரோட்டா வாங்கித் தின்பார்கள். மாவு பிசைந்தது யார் என்று கேட்பதில்லை. பேக்கரியில் கேக் வாங்குவார்கள். அடுப்பு முன்னால் நிற்பது யார் பிள்ளை என்று கேட்பதில்லை. எங்கம்மா பிசைந்த மாவையே ஒரு கடையில் கொடுத்து விற்றிருந்தால் காசு கொடுத்து வாங்கித் தின்றிருப்பார்கள். ஆக, பிரச்சினை சுத்தம் இல்லை. பிரச்சினை பேர். பேர் தெரியாத கை சுத்தம், பேர் தெரிந்த கை தீட்டு. "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கொழுக்கட்டை கெட்டுப்போனது.

கொட்டானும் பேரோடு உள்ளே போகவில்லை. கடையில் வாங்கியது என்று சொல்லித்தான் உள்ளே போனது. என் அம்மாவின் பேரை உருவி எடுத்துவிட்டுத்தான் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

இங்கேதான் காதல் சாதிக்கு ஆபத்தாகிறது. சந்தை கைகளின் பேரை அழிக்கிறது. சாதிக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் காதலர்கள் ஒருவருக்கொருவர் செய்து கொடுக்கிற பொருளுக்குப் பேர்தான் உயிர். 'இதை நான் செய்தேன், உனக்காகச் செய்தேன்' என்பதைத் தவிர அந்த அட்டையிலும் அந்தக் கேக்கிலும் வேறு ஒன்றும் இல்லை. பேரை எடுத்துவிட்டால் அது பரிசு அல்ல, சரக்கு. பேரோடு வாங்கினால் அந்தப் பேருக்கு வீட்டில் ஒரு இடம் கொடுத்தாக வேண்டும். அன்பளிப்பை வாங்குவது என்றால் இதுதான். மற்றதெல்லாம் கொள்முதல்.

5

சேர்ந்து சாப்பிட்டால் சாதி போய்விடுமா என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச விடாததால் 1936இல் தாமே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கரே இதைச் சொல்லிவிட்டார். பல சாதிகள் சேர்ந்து சாப்பிடத்தான் செய்கின்றன, அதனால் சாதி உணர்வு சாகவில்லை, சாதி கடந்த திருமணம்தான் உண்மையான மருந்து என்றார். அதற்கும் தடையாக நிற்பது சாத்திரங்களின் புனிதம் என்றும் சொன்னார்.

நான் அதை மறுக்கவில்லை. தேர்தல் நேரத்தில் சேரிக்கு வந்து, இலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்களால் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டில் அவர்கள் சாப்பிடுவது அவர்களுக்குத் தியாகம். அவர்கள் பேருக்குத்தான் அது சேரும். நான் கேட்பது வேறு. எங்கள் கொழுக்கட்டை அவர்கள் அடுப்படிக்குள் எங்கள் பேரோடு போக முடியுமா? விருந்தாளியாகச் சேரிக்கு வருவது எளிது. சேரியை விருந்தாளியாக வீட்டுக்குள் விடுவதுதான் கடினம். அம்பேத்கர் திருமணத்தைச் சொன்னதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். திருமணம் என்பது ஒருநாள் விருந்து அல்ல. தினமும் அந்தக் கை பிசையும், தினமும் அந்த வீடு தின்னும்.

சட்டத்தைப் பார்த்தால் இது எவ்வளவு எளிது! 1967இல் தமிழ்நாடு சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்கு இடம் கொடுத்துத் திருத்தம் செய்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று சொல்லி, மாலை மாற்றினால் போதும், அல்லது மோதிரம் போட்டால் போதும், அல்லது தாலி கட்டினால் போதும். புரோகிதர் வேண்டாம். கையால் தொடுத்த ஒரு மாலையை வாங்கிக்கொள்வதையே சட்டம் திருமணம் என்று ஒத்துக்கொள்கிறது.

சட்டம் ஒத்துக்கொண்டதை ஊர் ஒத்துக்கொண்டதா? நான் கொட்டான் தூக்கிக்கொண்டு போன அதே மாதம், 2012 நவம்பர் 7ஆம் தேதி, தர்மபுரி பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய மூன்று சேரிகளைக் கொளுத்தினார்கள். காரணம் ஒரு திருமணம். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, சாதி கடந்து மணந்த தலித் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவியும் வெட்டுப்பட்டார். கொழுக்கட்டையை மாட்டுத் தொட்டியில் போட்ட கையும் அரிவாள் எடுத்த கையும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். அது அநியாயம். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: "எந்த ஊரு, எந்தத் தெரு?"

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தர்மபுரியைப் பார்த்துப் பயந்தோம் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, வெளியே தின்பேன், வீட்டுக்குள் முடியாது என்று இருந்தவனோடு எவ்வளவு காலம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பது என்று எனக்குத் தோன்றியது. அவன் நல்லவன். தொட்டியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நல்லவன். ஒரு கொழுக்கட்டையை எடுத்து, அம்மா முன்னாலேயே வாயில் போட்டிருந்தால் போதும். அன்றைக்கு அவனிடம் நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

6

இதை இத்தோடு முடித்தால் எனக்கு வசதி. ஆனால் பாதிக் கட்டுரைதான் எழுதியதாக ஆகும்.

அம்மா அப்போது கேட்டாள்: "ஏட்டி, கொட்டான் திரும்பி வந்துட்டா? நல்லாருக்குன்னு சொன்னாவளா?"

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்கம்மா. கொட்டான் அழகா இருக்குன்னு அவங்களே வச்சிக்கிட்டாங்க" என்றேன். முதல் வாக்கியம் பொய். அவள் முகம் மலர்ந்தது. கூடலூர் கிழார் பாட்டில் மலர்ந்த மாதிரியேதான். "அப்பம் அடுத்த வருசமும் அவிப்போம்" என்றாள். அந்தப் பொய்யைப் பல வருசம் சுமந்தேன். இந்தக் கட்டுரையை எழுதியதும், அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், நானே வாசித்துக் காட்டினேன்.

மாட்டுத் தொட்டி வந்த இடத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: "அந்த அதிரசம் ஞாவகம் இருக்கா ஒனக்கு?"

இருந்தது. எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் குடும்பம் ஒன்று உண்டு. தெருக் கடைசியில், எங்களிடமிருந்தும் தள்ளி ஒரு குடிசை. பிறப்பு, சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். பொழுது சாய்ந்தால் அந்த அக்கா வீடு வீடாக வந்து சோறு வாங்கிப் போவாள். அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒரு தூக்குவாளியில் அதிரசம் கொண்டுவந்தாள். அவளே பாகு காய்ச்சி, அவளே சுட்டது. அம்மா சிரித்த முகத்தோடு வாங்கினாள். அக்கா போனதும் கோழிக்குப் பிய்த்துப் போட்டாள். தூக்குவாளியைக் கழுவி, ஒரு கை அரிசி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாதல்லவா! எனக்கு அப்போது ஏழெட்டு வயசு. அதிரசம் கேட்டு அழுததும், அடி வாங்கியதும் ஞாபகம் இருக்கிறது. ஏன் என்று கேட்டது ஞாபகம் இல்லை.

அந்த அக்கா வெளுத்த துணி எங்கள் உடம்பில் இருந்தது. அவள் சுட்ட அதிரசம் கோழியின் வயிற்றுக்குப் போனது. கை சுத்தம், சோறு தீட்டு. நான்காம் அத்தியாயம் 219ஆம் சுலோகத்தின் அடுத்த பாதி வெளுப்பவரின் சோற்றைப் பற்றித்தான் பேசுகிறது, அதைத் தின்றால் பலம் போகுமாம். முன்பாதியால் அடிபட்ட நாங்கள் பின்பாதியை எடுத்து எங்களுக்குக் கீழே இருந்தவளை அடித்திருக்கிறோம்.

ஆதிக்க சாதியும் நாமும் ஒன்றுதான் என்று யாராவது இதை வைத்துப் பேச வந்தால் விடமாட்டேன். அதிரசத்தை மறுத்ததற்காக நாங்கள் யார் குடிசையையும் கொளுத்தவில்லை. ஏணியை நாங்கள் செய்யவும் இல்லை. ஆனால் ஏணியில் நம் காலுக்குக் கீழே ஒரு படி இருக்கும்போது, மேல் படிக்காரனிடம் மட்டும் நியாயம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நம் வீட்டுக் கொழுக்கட்டையை அவர்கள் அடுப்படிக்குள் அனுப்பக் கேட்கிறவர்கள், நம் வாசலுக்கு வந்த அதிரசத்தை என்ன செய்தோம் என்று சொல்லியாக வேண்டும். நம் இயக்கங்களில், நம் இதழ்களில், நம் கல்யாண வீடுகளில் இதைக் கேட்கிறோமா?

"அவ எங்கட்டி இருக்கா இப்பம்?" என்று அம்மா கேட்டாள். மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனதும் குடும்பமே போய்விட்டது. எங்கே என்று தெரியவில்லை. அந்தக் குடிசை இருந்த இடத்தில் இப்போது வேலிக்கருவை.

அம்மா இன்னும் கொட்டான் முடைகிறாள். கண் முன்போல இல்லை, நெருக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. போன கார்த்திகைக்குக் கொழுக்கட்டை அவித்து, ஒரு கொட்டானில் எடுத்து வைத்துவிட்டு, "திருப்பூருக்கு யாராச்சும் போனா விசாரி" என்றாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.